எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு டிப்ளமோ

கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு கிரானைட் பட்டறையில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் மச்சான் வந்து நின்றார். அக்காவின் வீட்டுக்காரர். ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் பாகலூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். வேலை நாளில் கம்பெனிக்கு லீவு போடுகிற ஆள் இல்லை என்பதால், யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. முகத்தில் சிரிப்பு. சரி, சாவு இல்லை.

"பொண்ணு பத்தாவது பாஸு மாப்ள. ஸ்கூல்ல ரெண்டாவது."

"அதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த?"

"அதுக்கில்ல. அவள அந்தப் பக்கம் ஒரு காலேஜ்ல சேக்கலாம்னு இருக்கேன். நீ வந்து பாத்து ஒரு வார்த்த சொல்லு. உன்னக் கேக்காம செஞ்சா உங்கக்கா என்ன வீட்ல இருக்க உடுவாளா?"

அந்தப் பக்கம் என்றால் கர்நாடகா. பாகலூரில் அதை வேறு மாநிலம் என்று யாரும் சொல்வதில்லை. பட்டுக்கூடு விற்க அந்தப் பக்கம் போவார்கள், பெண் எடுக்க அந்தப் பக்கம் போவார்கள், சினிமாவுக்கும் அந்தப் பக்கம்தான். சிலருக்கு வீடு இந்தப் பக்கம், கேழ்வரகுக் காடு அந்தப் பக்கம். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும். லாரிக்காரனுக்குத்தான் செக்போஸ்ட். நடந்து போகிறவனுக்கு ஒரு புளியமரத்துக்கும் அடுத்த புளியமரத்துக்கும் நடுவே எந்த வித்தியாசமும் தெரியாது.

என்னைக் கேட்டதற்குக் காரணம் என் அறிவு அல்ல. நான் ஒன்பதாவதோடு நின்றவன். யாரும் நிறுத்தவில்லை. ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, பள்ளிக்கூடத்தில் இறங்காமல் தர்மபுரி வரை போய்விட்டேன். அதற்குப் பிறகு ஓட்டல், லாரி கிளீனர், மாம்பழக்கூழ் கம்பெனி, ஓசூரில் ஷெட் கட்டும் வேலை, கடைசியாகக் கல். எங்கேயும் நிலைத்ததில்லை. ஆனால் நான் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். அவள் வயசுக்கு வந்தபோது ஓலைக் குடிசை கட்டியவன். எங்கள் பக்கத்தில் அக்கா மகள் என்றால் தாய்மாமனுக்கு முறைப்பெண். கட்டுவானா மாட்டானா என்பது பிறகு. அவளைப் பற்றி எதைத் தீர்மானித்தாலும் அவனை ஒரு வார்த்தை கேட்பது வழக்கம்.

மச்சான் பிளாஸ்டிக் பையிலிருந்து வழவழப்பான ஒரு புத்தகத்தை எடுத்தார். முன் அட்டையில் கோட்டுப் போட்ட பிள்ளைகள். காலையில் பி.யூ.சி., அதாவது நம் பிளஸ் டூ மாதிரி. மதியத்துக்கு மேல் 'அட்வான்ஸ்டு டிப்ளமோ'. இரண்டு வருஷம். காலேஜில் படிக்க வேண்டிய கணக்கும் இங்கிலீஷும் இப்போதே சொல்லிக் கொடுப்பார்கள். இந்த டிப்ளமோ உள்ள பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் காலேஜில் முன்னுரிமை என்று உள்ளே போட்டிருந்தது. தங்க நிறத்தில் ஒரு முத்திரையும் இருந்தது.

அந்த முத்திரையைப் பார்த்ததுமே புத்தகத்தை மூடி மச்சானிடம் கொடுத்துவிட்டேன்.

ஓசூரில் கம்பெனிகள் முளைத்த காலத்தில் டீக்கடை மாடிகளிலும் சைக்கிள் கடை மாடிகளிலும் இன்ஸ்டிடியூட்டுகள் முளைத்தன. அப்படி ஒன்றில் நான் வெல்டிங் படித்தேன். அங்கே சிலிண்டர் இருந்தது, அதில் கேஸ் இருந்ததே இல்லை. போர்டில் படம் போட்டுக் காட்டுவார்கள். கடைசியில் தங்க முத்திரை போட்டு ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு கம்பெனி கேட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் அதைப் படிக்கக்கூட இல்லை. "இத உள்ள வெய்யி. வந்து ஒரு ஜாயிண்ட் போட்டுக் காட்டு" என்றார். போட்டேன். பக்கத்தில் நின்றவன் கையால் தட்டினான், பிரிந்து விழுந்தது. அன்றிலிருந்து எந்த இன்ஸ்டிடியூட் படியேறினாலும் முதலில் சிலிண்டரைத் தட்டிப் பார்க்கத் தோன்றும்.

மச்சானுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அவர் பத்தாவது வரைதான். இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனி கேட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர். எல்லாரிடமும் இருந்தது ஒரே மாதிரி மார்க் ஷீட். இவரிடம் மட்டும், எப்போதோ ஒரு முகாமில் உட்கார்ந்து வாங்கிய முதலுதவி சர்டிபிகேட் ஒன்று கூடுதலாக இருந்தது. ஷிஃப்டுக்கு ஒரு முதலுதவி ஆள் வேண்டும் என்று அந்த வாரம்தான் மேலே இருந்து சொல்லியிருந்தார்களாம். அவரை உள்ளே கூப்பிட்டார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். ஒரு காகிதம் கூட இருந்தால் கதவு திறக்கும் என்று அன்றைக்கு அவர் கற்றுக்கொண்டார். மகளுக்கு டைப்ரைட்டிங், இந்தி பரீட்சை, படப்போட்டி என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி அடுக்கினார். காலேஜும் ஒரு கம்பெனி கேட்தான் என்பது அவர் கணக்கு. எங்கள் ஊரில் அப்போது எல்லாருக்கும் அதுதான் கணக்கு. நாங்கள் பார்த்திருந்த ஒரே கதவு கம்பெனிக் கதவு.

"இவ கண்ணாடி ரூமுக்குள்ள உக்காரணும் மாப்ள. நான் வெளிய நின்னு பாத்துட்டே போவணும். அது போதும் எனக்கு" என்றார்.

கம்பெனியில் இன்ஜினியர்கள் உட்காரும் ஏ.சி. அறையைத்தான் அவர் கண்ணாடி ரூம் என்பார். உலை வெக்கையில் நிற்கிறவருக்கு அதைவிடப் பெரிய இடம் ஏது?

மறுநாள் போனோம். சர்ஜாபுரம் ரோட்டோரம் இரண்டு மாடிக் கட்டடம், வாசலில் ஒரு வேன். நடத்துகிறவர் சஃபாரி போட்டிருந்தார். "பன்னி பன்னி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று நாற்காலியைக் காட்டினார். மச்சான் வணக்கம் சொன்ன தோரணையைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டார். பின்னால் வந்த ஒரு ரெட்டியாரிடம் தெலுங்கு. நல்ல ஆள்தான், நாக்கு எந்தப் பக்கமும் வழுக்கவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

சுவரில் மூன்று பையன்களின் படம் மாட்டியிருந்தது. மூன்றுக்கும் சந்தன மாலை.

"இவங்க எப்ப தவறினாங்க சார்?" என்று கேட்டேன்.

மச்சான் என் தொடையில் கிள்ளினார்.

"ஏய், உயிரோட இருக்காங்கப்பா!" என்று சஃபாரிக்காரர் சிரித்தார். "நம்ம ஸ்டூடன்ட்ஸ். மூணு பேரும் இன்ஜினியரிங். மரியாதைக்குப் போட்ட மாலை அது."

"இந்த டிப்ளமோனாலதான் சீட்டு கெடைச்சுதுங்களா?"

"பின்ன?"

"இது இல்லாட்டி கெடைச்சிருக்காதுங்களா?"

அவர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். கல் தூசு படிந்த செருப்பில் பார்வை நின்றது. "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"ஒம்பது."

"அதான்" என்றார். மச்சானைப் பார்த்து, "பொண்ணுக்கு அப்பா நீங்கதானே? நாம பேசுவோம்" என்றார்.

அவர்கள் பேசினார்கள். நான் வராந்தாவுக்கு வந்து ஜன்னல் வழியாக ஒரு வகுப்பைப் பார்த்தேன். ஒரு அம்மாள் இங்கிலீஷில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நிஜமாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து ஏதோ கேட்டாள். அந்த அம்மாள் போட்டதை அழித்துவிட்டு மறுபடி போட்டார். இங்கே சிலிண்டரில் கேஸ் இருந்தது. அதுதான் என்னைக் குழப்பியது. எல்லாமே போலியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புறப்படும்போது படத்தில் இருந்த ஒருவன் எந்த ஊர் என்று கேட்டேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்று பெருமையாகச் சொன்னார் சஃபாரிக்காரர். ஊர் பெயரையும் சொன்னார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் போல.

மச்சானோடு பாகலூர் திரும்பினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தார்.

"திங்கக்கிழமை ஸ்கூல்ல டி.சி. வாங்கப்போறேன். நீ எதும் சொல்லாத."

"நான் வேணாம்னு சொல்லலயே மச்சான். விசாரிச்சிட்டு வாங்குன்னுதான் சொல்றேன்."

"விசாரிக்கற லட்சணம்தான் பாத்தேனே. படத்தப் பாத்து எப்ப செத்தாங்கன்னு கேக்கற."

"மால போட்டா வேற என்னன்னு கேக்கறது?"

"ஒனக்கு அவ படிக்கறது புடிக்கல. சொல்லிடு. அவ இன்ஜினியர் ஆயிட்டா ஒன்னமாதிரி கல்லு தூக்கறவனுக்கா குடுப்பேன்? அதான ஒன் பயம்? முறைய கையில வெச்சிட்டு அவ கால இழுக்கற."

அடுப்படியில் அக்கா செய்துகொண்டிருந்த வேலையின் சத்தம் நின்றது. அவள் வெளியே வரவும் இல்லை, அவரை அதட்டவும் இல்லை. அக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது எனக்குத் தெரியும். ஊர் ஊராகச் சுற்றுகிற தம்பி தன் மகளைக் கட்டினால் ஒரு இடத்தில் நிற்பான் என்று. என்னிடம் நேராகச் சொன்னதில்லை. புது வேட்டி எடுத்து வைப்பாள், எனக்குச் சேர்த்து அரிசி களைவாள். அவ்வளவுதான்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனைக் குழாயில் அக்கா மகள் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

"மாமா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அப்பா சொன்னது நெஜமா? என்ன நிறுத்தத்தான் நீங்க இப்பிடிப் பேசறீங்களா?"

"நீ என்ன நெனைக்கற?"

"எனக்குத் தெரியல. தெரியாததாலதான கேக்கறேன்." குடத்தைச் சரியாக நகர்த்தி வைத்தாள். "எனக்கு அந்த டிப்ளமோமேல ஆசையும் இல்ல, வெறுப்பும் இல்ல மாமா. இன்ஜினியரிங் சீட்டு வேணும். அதுக்கு எது வழின்னு ஒழுங்கா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க. அப்பா முத்திரையப் பாக்கறாரு. நீங்க முத்திரையப் பாத்தாலே ஓடறீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சந்தேகப்பட்டது நியாயம். எங்கள் ஊரில் தாய்மாமன் சொல்லும் எந்தப் பேச்சுக்கும் பின்னால் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். எனக்கு அந்த நினைப்பு இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை, காலுக்குக் கீழே தரை இருப்பதை யோசிக்காத மாதிரி. மச்சான் சொன்ன பிறகுதான் அவளை ஒரு பெண்ணாகப் பார்க்கத் தோன்றியது. அது எனக்கே பிடிக்கவில்லை. அன்றே கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வாரம் எங்கள் லாரி சேலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜுக்குக் கல் ஏற்றிப் போனது. முன் மண்டபத்துக்குப் பதிக்கும் பளபளப்புக் கல். இறக்கி முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு ஆபீஸுக்குள் போனேன். அட்மிஷன் பார்க்கிற அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நின்றேன். "சொல்லுங்க, நின்னுட்டே இருந்தா எனக்கு எறங்காது" என்றார்.

சொன்னேன். டிப்ளமோ என்றதும், "பாலிடெக்னிக்கா? அதுன்னா வேற வழி இருக்குதுங்க" என்றார். பாலிடெக்னிக் இல்லை, பிளஸ் டூ படிக்கும்போதே கூடப் படிப்பது என்றேன்.

"அப்படி ஒண்ணுக்கு மார்க் போடற எடமே இல்லீங்களே. பிளஸ் டூ மார்க்கு, நுழைவுத் தேர்வு மார்க்கு. ரெண்டையும் சேத்தா ஒரு நம்பர் வரும். அந்த நம்பர் வரிசையிலதான் கூப்புடுவாங்க. அப்பறம் சாதி சர்டிபிகேட்டு. நீங்க மூட்டையா கட்டி எடுத்தாந்தாலும் இதுக்கு மேல ஒண்ணையும் பிரிக்க மாட்டாங்க."

"மேனேஜ்மென்ட் சீட்டுக்குங்க?"

அவர் சிரித்துவிட்டார். "அதுக்கு எதுக்குங்க படிச்ச காயிதம்?"

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. இவரும் ஒரு காலேஜ்காரர்தானே. கிளம்பப்போனவனை அவரே நிறுத்தினார். "பொண்ணு எங்க படிக்கப்போகுது, ஓசூர்லயா?"

"இல்லீங்க, பக்கத்துல. அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"கர்நாடகா பக்கம்ங்க. வீட்ல இருந்து வேன்ல போயிட்டு வந்துடலாம்."

கையில் எடுத்த சோற்றை அவர் திரும்பப் பாக்ஸில் வைத்தார். "வேன்ல போனா என்ன, நடந்து போனா என்ன, அது வேற ஸ்டேட்டுங்க. நம்ம ஸ்டேட்ல படிக்காம வந்தா, இந்த ஊருக்காரங்கதான்னு தாசில்தார்கிட்ட எழுதி வாங்கிட்டு வரணும். போர்டு வேற, பாடம் வேற. நுழைவுத் தேர்வு நம்ம புஸ்தகத்துல இருந்துதான் வரும். எதுக்குங்க இந்த வேல?"

வெளியே வந்து லாரி நிழலில் உட்கார்ந்தேன். பாகலூரில் இதை ஒருவர்கூட யோசிக்கவில்லை. நானும்தான். முத்திரையைப் பார்த்தேன், சஃபாரியைப் பார்த்தேன், மாலையைப் பார்த்தேன். எல்லையைத் தாண்டியதை மட்டும் பார்க்கவில்லை. தினமும் தாண்டுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

சரி, அந்தப் பக்கமே காலேஜும் சேர்ந்துவிட்டால்? படத்தில் இருந்த பையன் அங்கேதானே சேர்ந்திருக்கிறான்? அதைக் கேட்காமல் பேசினால் மச்சான் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். கிருஷ்ணகிரி திரும்பியதும் லாரியை விட்டு இறங்கி, தேன்கனிக்கோட்டைக்குப் போனேன்.

பையன் லீவில் வீட்டில் இருந்தான். நிலபுலம் உள்ள குடும்பம். முந்தின நாள் யானை வந்து ராகிக் காட்டை மிதித்துவிட்டுப் போனதில் வீடே அலுத்துப் போயிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"எம் போட்டோவுக்கு மாலயா? எங்கம்மா கேட்டா அங்கயே போயி சண்ட போடும்ங்க."

"சீட்டு அந்த டிப்ளமோனால கெடைச்சுதா தம்பி?"

"அத யாருமே கேக்கலங்க. இப்ப எங்க வெச்சேன்னும் தெரியல. நான் மூணாவதுல இருந்து அந்தப் பக்கம் ஆனேக்கல்ல அத்த வீட்ல தங்கிப் படிச்சவன். அங்க ஏழு வருஷம் படிச்சிருந்தாத்தான் அவங்க ஊரு ஆளுன்னு சேத்துப்பாங்க. அவங்க நுழைவுத் தேர்வு சி.இ.டி.ல நல்ல ரேங்கு. அவ்வளவுதான்."

"ரெண்டு வருஷம் மட்டும் அங்க படிச்சா?"

"ரெண்டு வருஷத்த வெச்சி ஒண்ணும் செய்ய முடியாதுங்க."

கிளம்பினேன். வாசல் வரை வந்தவன் சொன்னான்: "ஆனா ஒண்ணு. அந்த மிஸ்ஸு கணக்கு நல்லா நடத்துவாங்க. காலேஜ்ல மொத வருஷம் மத்த பசங்க முழிச்சப்ப எனக்கு ஈசியா இருந்துச்சு. இங்கிலீஷும் அங்கதான் வாயில வந்துச்சு. அத இல்லன்னு சொல்லக் கூடாது."

அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். அந்தப் படிப்பு உள்ளே போனபின் உதவுகிறது, உள்ளே போக உதவவில்லை. சஃபாரிக்காரர் பொய் சொல்லவில்லை என்றும் சொல்லலாம், சொன்னார் என்றும் சொல்லலாம். நல்ல ரேங்க் வாங்கக்கூடிய பையனைச் சேர்த்துக்கொண்டு, அவன் ரேங்க் வாங்கியதும் தன் சுவரில் மாட்டிக்கொண்டார். அவன் எங்கே படித்திருந்தாலும் வாங்கியிருப்பானா என்பது யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகலூர் போனேன். மச்சானும், பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய அண்ணனும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழியெல்லாம் யோசித்ததில் எனக்கு ஒன்று தெளிவாக இருந்தது. கொண்டுவந்த சேதி எவ்வளவு உண்மையாக இருந்தாலும், முறை மாமன் வாயிலிருந்து வந்தால் அது ஒரு மாப்பிள்ளையின் சேதியாகத்தான் இருக்கும். முதலில் அதை அவிழ்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணை வெளியே கட்டிக் கொடுக்கும்போது, முறை உள்ள தாய்மாமனுக்கு வேட்டி துண்டு வைத்து, வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். அவன் வாங்கிக்கொண்டால் விட்டுக்கொடுத்தான் என்று அர்த்தம். கல்யாணம் நிச்சயமாகும் நேரத்தில் செய்வது.

"பெரிய மச்சான், இன்னிக்கே எனக்கு வெத்தல குடுத்துடுங்க" என்றேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "இன்னாடா, மாப்ளயே பாக்கல, பொண்ணு இப்பதான் பத்தாவது எழுதியிருக்கு. இப்பவே வேட்டி கேக்கற? கட்டிக்க வேட்டி இல்லயா?"

"வேட்டி வேணாம். வெத்தல போதும். அவள நான் கட்டறதா இல்ல. இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல. நீங்க பெரியவங்க, உங்க முன்னாடி சொல்றேன். இதுக்கப்பறம் நான் சொல்றத வெறும் ஆளு சொல்றதா கேளுங்க."

மச்சான் எழுந்து நின்றுவிட்டார். "நான் ஏதோ கோவத்துல சொன்னேன், அதுக்குன்னு..."

"நீ சொன்னது சரிதான் மச்சான். எனக்கே சந்தேகமா இருந்துச்சு."

அடுப்படி வாசலில் நின்ற அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். பெரியவர், "ஏம்மா, தட்டு எடுத்தா" என்று இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை. பிறகு அக்கா மகளே தட்டில் வெற்றிலையும் பாக்கும் எடுத்துவந்து தன் பெரியப்பாவிடம் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. பெரியவர் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். பாக்கைப் போட்டு மென்றேன். துவர்த்தது. எல்லாப் பாக்கும் துவர்க்கத்தான் செய்யும்.

அதன் பிறகு சேலத்து அம்மா சொன்னதையும் தேன்கனிக்கோட்டைப் பையன் சொன்னதையும் சொன்னேன். கணக்கு மிஸ் நன்றாக நடத்துகிறார் என்பதையும் விடாமல் சொன்னேன். மச்சான் குறுக்கே பேசவில்லை. எல்லை விஷயம் வந்தபோது மட்டும், "இங்கிருந்து கூப்புட்டா கேக்கற தூரம். அது எப்பிடிரா வேற ஊரு ஆளு ஆவும்?" என்றார்.

"நாம போய் வர்றதுக்கு ஆவாது மச்சான். சீட்டு குடுக்கறவனுக்கு ஆவும்."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். "நாளைக்கு டி.சி. வாங்கறயா இல்லயா?"

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா மகள் பேசினாள். "வேணாம்ப்பா. இங்கயே ஃபர்ஸ்ட் குரூப்ல சேந்துக்கறேன். நுழைவுத் தேர்வு புஸ்தகம் மட்டும் வாங்கிக் குடுங்க."

"இங்கிலீஷு?"

"வந்தா வரட்டும். வராட்டி காலேஜ்ல போயி கத்துக்கறேன்."

அன்று மதியம் அக்கா எனக்குச் சோறு போட்டாள். பேச்சுக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எனக்கு வேட்டி எடுத்து வைத்ததும் இல்லை. அதற்கு மேல் நான் அந்த ஊரில் தங்கவில்லை. போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனிக்குச் சுவர் எழுப்பப் போய்விட்டேன், அங்கிருந்து வேறு எங்கோ.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. எல்லாரையும் ஒரே இடத்துக்கு வரவழைத்து, எதிரிலேயே சீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறை அப்போது புதிது. மச்சானுக்குச் சென்னை தெரியாது என்று என்னையும் கூட்டிப்போனார். பெரிய கூடம். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு அதிகாரி. அவர் முன்னால் மூன்று நாற்காலி. சேலத்து அம்மா சொன்ன மாதிரியேதான். மார்க், நுழைவுத் தேர்வு மார்க், சாதி சர்டிபிகேட். வேறு எதையும் கேட்கவில்லை. மச்சான் இந்தி பரீட்சை சர்டிபிகேட்டை மேஜை மேல் நீட்டினார். அதிகாரி அதை மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார்.

அவள் நம்பருக்குச் சேலத்தில் இடம் தீர்ந்திருந்தது. கோயம்புத்தூரில் அவள் கேட்ட பாடம் தீர்ந்திருந்தது. திருநெல்வேலியில் அரசாங்கக் காலேஜில் எலக்ட்ரிகல் இருந்தது. ஓசூரிலிருந்து அது தமிழ்நாட்டின் மறுகோடி. மச்சான் என் பக்கம் திரும்பினார். நான் அவளைப் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் பார்க்காமல், "அதையே குடுங்க சார்" என்று சொல்லிவிட்டாள்.

வெளியே வந்ததும் வெயில் அடித்தது. மச்சான் அனுமதிக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷம்தான். ஆனால் முகத்தில் வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அந்த மிஸ்ஸுகிட்ட கணக்கு படிச்சிருந்தா இன்னும் ரெண்டு மார்க்கு கூட வந்திருக்கும். சேலத்துலயே கெடைச்சிருக்குமோ?"

கிடைத்திருக்கலாம். கிடைக்காமல் அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் நின்றிருக்கலாம். நடக்காததை எந்த ஆபீஸில் போய் விசாரிப்பது? எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அவர் நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல என் முகத்தையே பார்த்தார்.

"அப்பா, அது போவட்டும்" என்றாள் அவள். "திருநெல்வேலிக்கு பஸ்ஸு எங்க நிக்கும்? ஹாஸ்டலப் பாத்துட்டு வந்துடலாம்." எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல், மரத்தடியில் நின்றிருந்த வேறொரு பெண்ணிடம் வழி கேட்க நடந்தாள்.